யார் சொன்னது 'கேம் ஓவர்'?

'கேம் ஓவர்' என்ற இரண்டு வார்த்தைகளைத் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காதவர் நம்மில் யாராவது இருந்தால் அவருக்குக் கோவில் கட்டிக் கும்பாபிஷேகமே நடத்தலாம். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு வந்து, முதலாமாண்டு வகுப்பு வாசலில் "மே ஐ கம் இன் சார்" சொல்லவே நாக்கு குழறிய பயல்களுக்குக்கூட இந்த இங்கிலீஷ் மட்டும் யாரும் சொல்லித் தராமலே தெரியும். டிவியில் மாட்டும் கேசட் பெட்டி போய், கம்ப்யூட்டர் வந்து, இப்போது எல்லாம் செல்போனுக்குள் சுருண்டுவிட்டது. பெட்டி மாறியது, வாசகம் மாறவில்லை.

சரி, அதற்கு என்ன பொருள்? ஹாஸ்டலில் பத்துப் பேரிடம் கேட்டேன். பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "தோத்துட்டேன்னு அர்த்தம், இதுல என்னடா ஆராய்ச்சி?"

ஆராய்ச்சி இருக்கிறது. 'ஆட்டம் முடிந்தது' என்றுதானே அதில் எழுதியிருக்கிறது? நீ தோற்றாய் என்று எங்கே இருக்கிறது? ஜெயித்தவனுக்கும் ஆட்டம் முடியத்தானே செய்கிறது? முடிவை எல்லாம் தோல்வி என்று படிக்க நமக்கு யார் பழக்கிவிட்டார்கள்?

இந்த வாசகம் வீடியோ கேமுக்கு முன்பே பிறந்துவிட்டது. காசு போட்டால் இரும்புக் குண்டு உருளுமே, பின்பால் மெஷின், அதன் நெற்றிக் கண்ணாடியில் குண்டுகள் தீர்ந்ததும் 'கேம் ஓவர்' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு பல்பு எரியும். ரிலே, பல்பு, ஒயர்... அவ்வளவுதான் சர்க்யூட். எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பல்பு ஆடுகிறவனின் திறமையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. போட்ட காசு தீர்ந்தது என்று சொன்னது. கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பிறகு வந்த ஆட்டங்களில் ஜெயிக்கவே வழியில்லை. 1978-ல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எத்தனை வரிசை எதிரிகளைச் சுட்டாலும் அடுத்த வரிசை இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்பதுதான் கேள்வி. 1980-ல் வந்த 'பேக்மேன்' அதைவிட வேடிக்கை. அதற்கு முடிவு என்று ஒன்றை எழுதியே வைக்கவில்லை. ஆனால் 256-வது லெவலில் ஆட்டம் தானாக முடிந்துவிடும்! ஏன் தெரியுமா? டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் நாம் எல்லோரும் எழுதிய விஷயம்தான். எட்டு பிட்டில் எட்டும் ஒன்றாக இருந்தால் 255. அதோடு ஒன்றைக் கூட்டினால் எட்டும் பூஜ்யம். எந்த லெவலோ அதற்குத் தக்கபடி திரையின் அடியில் சில பழங்களை வரிசையாக வரைய ஒரு சப்ரொட்டீன் உண்டு. எண்ணிக்கை சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதால் அது ஏழு பழத்தோடு நிற்காமல் 256 பழம் வரையக் கிளம்பிவிடும். பழத்துக்குப் படம் இல்லாத இடத்தில் மெமரியில் கிடக்கும் குப்பையை எல்லாம் அள்ளிக் கொட்டும். திரையின் வலது பாதி நாசம். இடது பாதியில் பேக்மேன் பாட்டுக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். சாப்பிட வேண்டிய புள்ளிகள் போதாது, அதனால் லெவல் முடியவும் முடியாது. முடிவுரை எழுதாமல் விட்ட ஆட்டத்துக்கு எட்டு பிட் முடிவுரை எழுதியது!

காசு மெஷின்களில் அடுத்து வந்த தந்திரம் 'கன்டினியூ?' என்ற கேள்வி. பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். அதற்குள் இன்னொரு காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். 1988-ல் வந்த 'நிஞ்ஜா கெய்டன்' காசு மெஷினில் இதைக் கொடூரமாகவே செய்தார்கள். கதாநாயகனைக் கட்டிப் போட்டிருப்பார்கள். மேலிருந்து சுழலும் ரம்பம் ஒன்று எண்ணிக்கையோடு சேர்ந்து அவன் மார்பை நோக்கி இறங்கும். பையன் சட்டைப் பையைத் துழாவாமல் என்ன செய்வான்? இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். அரியர் விழுந்ததும் 'எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடுகிற நண்பர்கள், தங்கள் திரையில் இருப்பது 'கேம் ஓவர்' அல்ல, 'கன்டினியூ?' என்பதைக் கவனிப்பதில்லை. தேர்வுக் கட்டணம்தான் காசு. கடைசித் தேதிதான் இறங்குகிற எண். ரம்பம் மட்டும் கிடையாது. (சில வீடுகளில் அதுவும் உண்டு என்கிறான் பக்கத்து பெஞ்சுக்காரன்.)

கேசட் பெட்டி ஆடியவர்களுக்கு மாரியோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1985-ல் வந்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கோட்டையாகத் தாண்டி, நெருப்பைக் கக்கும் ராட்சசனை விழுத்திவிட்டு உள்ளே போனால், நன்றி சொல்லிவிட்டு, இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று ஒரு வாசகம் வரும். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை! அரசு அலுவலகத்தில் "அந்த செக்ஷன்ல போய்க் கேளுங்க" என்று அனுப்புவது போல. எட்டாவது கோட்டையில் இளவரசி கிடைக்கிறாள். அப்போதாவது முடிந்ததா? உன் தேடல் முடிந்தது, இதோ உனக்கு ஒரு புதிய தேடல் என்று சொல்லி, அதே ஆட்டத்தை இன்னும் கடினமாக்கி முதலிலிருந்து கொடுக்கிறார்கள். பல பேருக்கு இந்த வாசகத்தின் மேல் எரிச்சல். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது. வேலையை ஒழுங்காக முடித்தவனுக்குச் சம்பளம் இன்னும் கஷ்டமான வேலைதான் என்பதை எந்த பிளேஸ்மென்ட் அதிகாரியும் இவ்வளவு நேர்மையாக நம்மிடம் சொன்னதில்லை.

இந்த வாசகங்களிலேயே என்னை அதிகம் உலுக்கியது 1980-ல் அட்டாரி வெளியிட்ட 'மிஸைல் கமாண்ட்'. வானத்திலிருந்து ஏவுகணைகள் விழும். நம் ஆறு நகரங்களைக் காப்பாற்ற வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த காலம். அதைச் செய்த டேவ் தியூரருக்கு இரவில் அணுகுண்டு விழும் கனவுகள் வந்தனவாம். எல்லா நகரமும் அழிந்ததும் அந்தத் திரையில் 'கேம் ஓவர்' வராது. பெரிய வெடிப்பு ஒன்று திரையை நிரப்பி, அதன் நடுவில் 'தி எண்ட்' என்று வரும். ஆட்டம் முடிந்தது என்றால் எழுந்து டீ குடிக்கப் போகலாம். முடிந்தது ஆட்டம் மட்டுமில்லை என்கிறபோது எங்கே போவது? ஒரு வார்த்தையை மாற்றியதில் விளையாட்டுச் சாமான் எச்சரிக்கைப் பலகை ஆகிவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நம் ஆச்சிமார் பட்டாலையில் உட்கார்ந்து பித்தளைத் தாயக்கட்டையை உருட்டுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். தாயத்தில் காய் சுற்றி வந்து நடுக்கட்டத்தில் ஏறிவிட்டால் என்ன சொல்வோம்? 'பழம்!' வெற்றி என்றோ முடிவு என்றோ சொல்வதில்லை. காயாகப் புறப்பட்டது, வெட்டுப்பட்டு மனைக்குத் திரும்பியது, மறுபடி தாயம் விழக் காத்திருந்தது, கடைசியில் பழமானது. உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ கோடி செலவழித்து ஆட்டத்துக்கு முடிவு வாசகம் எழுதியிருக்கின்றன. இந்த ஒற்றை வார்த்தைக்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் ஊர்ப் பாசம் என்பார்கள். சொல்லட்டுமே!

'ஒப்புக்குச் சப்பாணி'யை மறந்துவிட்டீர்களா? தெருவில் ஓடிப் பிடிக்கும்போது மூன்று வயது வாண்டு ஒன்று அழுதுகொண்டு நிற்கும். அதையும் சேர்த்துக்கொள்வோம். அது அவுட்டே ஆகாது. அதற்கு 'கேம் ஓவர்' கிடையாது. 'கான்ட்ரா' ஆட்டத்தில் மேல் மேல் கீழ் கீழ் என்று பட்டனை அழுத்தி முப்பது உயிர் வாங்கிக்கொண்ட அண்ணன்மார்கள் எல்லோரும் இந்த வகைச் சப்பாணிகள்தான். ஆனால் ஒன்று. அந்த வாண்டு ஒரு நாள் வந்து, "என்னையும் அவுட் ஆக்குங்க அண்ணே" என்று சண்டை போடும். அவுட் ஆகிற உரிமைதான் ஆட்டத்தில் சேர்ந்ததற்கு அத்தாட்சி என்று அதற்குப் புரிந்துவிட்ட நாள் அது.

பரமபதம் இன்னும் ஆழம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம். நம் நாட்டில் இப்படிப் பாவ புண்ணியக் கணக்காக ஆடிய ஆட்டத்தைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்கான பாம்பும் ஏணியுமாக விற்றார்கள். இப்போது யோசியுங்கள். வீடியோ கேம் ஆடுகிறவனுக்கு இன்னொரு உயிர் கிடைத்தால் கொண்டாட்டம். பரமபதத்தில் பாம்பு கடித்துக் கீழே வருவதுதான் இன்னொரு பிறவி, அதுதான் தண்டனை! அங்கே உச்சிக்குப் போவது என்றால் இனிமேல் பிறக்க வேண்டாம் என்று பொருள். 'கன்டினியூ' கிடையாது என்பதுதான் பரிசு. ஒரே திரையில் ஒரே வாசகம் வந்தாலும், ஜப்பான்காரன் மெஷின் முன்னால் நிற்கிற பையனுக்கும் ஏகாதசிக்கு முழித்திருக்கிற ஆச்சிக்கும் அதன் அர்த்தம் நேர் எதிராக இருக்கும்.

தமிழில் முடிவைச் சொல்வதற்கே நமக்குக் கூச்சம் அதிகம். 'போறேன்' என்று சொல்லிவிட்டு யாராவது கிளம்பினால் வீட்டில் பெரியவர்கள் விடுவார்களா? "போயிட்டு வர்றேன்னு சொல்லுப்பா" என்பார்கள். கச்சேரி முடிகிற இடத்துக்கு மங்களம் என்று பெயர். சினிமாவைப் பாருங்கள். நம் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு 1947-ல் 'நாம் இருவர்' எடுத்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் காலத்துப் படங்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலப் படங்கள் 'சுபம்' என்று முடியும், இல்லையென்றால் 'வணக்கம்' என்று முடியும். பத்திரிகைத் தொடர்கதை என்றால் 'தொடரும்', கடைசி வாரம் 'முற்றும்'. நான்கு வார்த்தை, நான்கும் வெவ்வேறு மனசு. இத்தனை வைத்திருக்கிற நாம் 'கேம் ஓவர்' என்பதை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டோம். 2019-ல் அஸ்வின் சரவணன் தமிழிலும் தெலுங்கிலும் டாப்ஸியை வைத்து எடுத்த படத்துக்குப் பெயரே அதுதான். அந்தப் படத்தின் கதாநாயகி வீடியோ கேம் வடிவமைக்கிறவள். தலைப்பு ஆட்டம் முடிந்தது என்றாலும், படத்தில் அவளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் கிடைக்கின்றன. தலைப்பைப் பொய்யாக்குவதுதான் கதையே! கனடாவில் டொராண்டோவிலிருந்து நம் தமிழ்ப் பிள்ளைகள் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' இன்னொரு வழியில் போனது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிற ஆட்டம். இட்லி சரியாக வரவில்லையா? மறுபடி வார்த்துக்கொள்ளலாம், யாரும் சாகமாட்டார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த முதல் ஆட்டத்துக்கான பரிசை அது வாங்கியது.

இதுவரை சொன்னது ரசனை. இனிச் சொல்வது கவலை.

முடிவு வாசகமே இல்லாத ஆட்டங்கள் வந்துவிட்டன. பப்ஜியைக்கூட நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அதில் ஒரு முடிவு இருந்தது. நூறு பேர் இறங்கி ஒருத்தன் மிஞ்சினால் அவனுக்கு 'சிக்கன் டின்னர்' என்று வாழ்த்து வரும். அது சூதாட்ட விடுதிகளில் புழங்கிய பழைய வழக்காம். (செட்டிநாட்டுச் சிக்கன் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு வெறும் எழுத்தில் சிக்கனைக் காட்டுகிறார்கள், என்ன நெஞ்சழுத்தம்!) 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. அதன் 'கேம் ஓவர்' கூட 'கன்டினியூ?' ஆகத்தான் இருந்தது.

நான் சொல்வது காசு வைத்து ஆடும் ரம்மி ஆப்புகளை. பின்பால் மெஷின் காசு தீர்ந்தால் பல்பைப் போட்டுச் சொன்னது. ரம்மி ஆப் சொன்னதா? கையில் இருந்தது போனதும் போனஸ் தருகிறேன் என்றது. ராத்திரி ஒரு மணிக்கு 'உங்களுக்காக மேஜை காத்திருக்கிறது' என்கிற தோரணையில் மெசேஜ் அனுப்பியது. செமஸ்டர் பணத்தை அதில் விட்டுவிட்டு, வீட்டில் 'லேப் ஃபீஸ் ஏத்திட்டாங்க' என்று பொய் சொன்னவர்களை நாம் அறிவோம். பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தோம். அவர்கள் வீட்டில் யாருக்கும் அடுத்த லெவல் இல்லை.

இதைத் தடுக்க 2020-லிருந்து நம் மாநிலத்தில் அவசரச் சட்டம், சட்டம், வழக்கு என்று மாறி மாறி நடந்தது. முதல் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டு, 2022-ல் மறுபடி சட்டம் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று கோர்ட்டில் வாதாடினார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே பாதி வழிதான் போகும். திறமையோ அதிர்ஷ்டமோ, 'போதும், எழுந்திரு' என்று சொல்கிற இடம் அந்த ஆட்டத்தில் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் வந்த தமிழ்நாட்டு விதிகள் கிட்டத்தட்ட அதைக் கேட்டன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் ஆடினாய், எவ்வளவு செலவழித்தாய் என்று திரையில் காட்ட வேண்டும். கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆட்டம் செய்தவன் எழுத மறுத்த முடிவு வாசகத்தைக் கடைசியில் ஓர் அரசாங்கம் கெஜட்டில் எழுத வேண்டியதாயிற்று! அது முடிந்து மூன்று மாதம் ஆகுமுன், 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. பெரிய ஆப்புகள் அந்த மாதமே காசு ஆட்டத்தை நிறுத்தின. நல்லது என்பேன். "விளையாடுகிறவன் விருப்பம், அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று வாதாடுகிற நண்பர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஷட்டரே இல்லாத கடைக்குள் ஒருத்தனை விட்டு, வெளியே போகிற கதவில் விளம்பரம் ஒட்டி மறைத்துவிட்டு, அவன் உள்ளே இருந்தது அவன் விருப்பம் என்று சொல்வது நியாயமா?

நாளைக்கு இந்த மாதிரி புரோகிராம் எழுதப் போகிறவர்கள் நாம்தான். டிப்ளமோக்காரனுக்கு என்ன அதிகாரம் என்று கேட்காதீர்கள். மேனேஜர் ஆயிரம் சொல்லலாம், அந்த ஒரு வரியை விரல் வைத்து டைப் அடிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். அட்டாரியில் வாரன் ராபினட் என்று ஒருவர் இருந்தார. ஆட்டம் செய்தவர்கள் பெயரைக் கம்பெனி போடாத காலத்தில், 1980-ல் வந்த 'அட்வெஞ்சர்' ஆட்டத்தில் யாரும் சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாத ஓர் அறைக்குள் தன் பெயரை எழுதி ஒளித்து வைத்துவிட்டார். நம் பக்கத்து வீடுகளின் நெற்றியில் செட்டியார் பெயரும் வருஷமும் இருக்கும், சுவரில் முட்டை வெள்ளைப் பூச்சை இழைத்துப் பளபளப்பாக்கிய கொத்தனார் பெயர் இருக்காது. அவர் எங்கேயாவது ஒளித்து வைத்தாரோ என்னவோ!

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பைத்தானில் பரமபதம் செய்துகொண்டிருக்கிறோம். உச்சிக்கு ஏறியதும் என்ன வாசகம் போடுவது என்று பெரிய சண்டை. நான் 'போயிட்டு வாங்க' என்றேன். "வைகுண்டத்துக்குப் போனவன் எப்படிடா திரும்பி வருவான்?" என்று மடக்கிவிட்டான் ஒருத்தன். கெய்டு சார் 'முற்றும்' போடச் சொன்னார். கூடப் படிக்கிற தோழி 'சுபம்' என்றாள். போட்டுப் பார்த்தால் கதையே வேறு. நாங்கள் வைத்திருக்கிற கிராபிக்ஸ் லைப்ரரிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை. 'போ' என்றால் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. 'மு', 'சு' எல்லாம் எழுத்து தனி, குறி தனியாக உடைந்து விழுகிறது. உடையாமல் ஒழுங்காக வந்தது ஒரே ஒரு வார்த்தை. கொம்பும் இல்லை, சுழியும் இல்லை, இரண்டே புள்ளி. இப்போதைக்கு எங்கள் வைகுண்டத்தில் 'வணக்கம்' என்று இருக்கிறது.